என் அடுப்படிப் புகை

என் மனைவியின் நுரையீரலைக் கெடுத்தவன் நான்தான். ஊரார் சொல்வதுபோல முந்திரித் தொழிற்சாலை அல்ல. நான்!

முகம் சுளிக்கிறீர்களா? தாராளமாகச் சுளியுங்கள். உங்களைவிட எனக்கு என்மேல் கோபம் அதிகம்.

குலசேகரம் பக்கத்தில் எங்களுக்குக் கொஞ்சம் ரப்பர் மரங்கள் உண்டு. பாலை உறையவைத்து ஷீட்டாக அடித்தால் மட்டும் போதாது, அதைப் புகையில் காயவைக்க வேண்டும். வசதியுள்ளவர்கள் அதற்கென்று தனியாகப் புகைப்புரை கட்டுவார்கள். மற்றவர்கள் அடுப்புக்கு நேர் மேலே கம்பு கட்டி ஷீட்டுகளைத் தொங்கவிடுவோம். சோறும் வேகும், ஷீட்டும் காயும். ஒரே கல்லில் இரண்டு மாங்காய்! அந்த அடுப்புக்கு முன்னால் ஒருத்தி நிற்கிறாளே என்பது மட்டும் என் மூளைக்கு எட்டவில்லை.

எட்டவில்லையா? பொய். எட்டியது. நான்தான் தள்ளிவிட்டேன்.

வீட்டுக்கு கேஸ் அடுப்பு வந்தபோது ஸ்டெல்லா எவ்வளவு சந்தோஷப்பட்டாள்! நான் விடவில்லை. கேஸில் புகை வராதே! சாயாவுக்கு மட்டும் கேஸ் போதும், சோறும் குழம்பும் விறகில்தான் என்று சட்டம் போட்டேன். தீ கொழுந்துவிட்டு எரியாமல் புகைந்துகொண்டே இருக்கட்டும் என்று ஈரத் தேங்காய்த் தொண்டுகளை அள்ளிப் போட்டேன். புகை வெளியே போய் வீணாகிவிடக் கூடாதென்று சன்னலில் சாக்கை அடித்தவனும் நானே.

"கண்ணு எரியுது, நெஞ்ச அடைக்குது. அந்தச் சாக்கையாவது எடுங்க" என்பாள்.

"மழ மாறட்டும் ஏட்டி. இல்லேண்ணா ஷீட்டு பூஞ்சை பூத்துப் போவும்" என்பேன்.

எங்கள் ஊரில் மழை எப்போது மாறியது, சொல்லுங்கள்... ஒரு பருவம் முடிந்தால் அடுத்தது வந்து நிற்கும்.

இதே காலத்தில் வெளியே நான் யார் தெரியுமா? போராட்டக் குழுத் தலைவர்! முந்திரித் தொழிற்சாலையை நாங்கள் அண்டியாபீஸ் என்போம். எங்கள் தெருமுனையில் ஒன்று இருந்தது. கொட்டை வறுக்கும் புகை பொய்யில்லை. காற்று திரும்பினால் தெருவே இருமும். 'காற்று எல்லோருக்கும் பொது' என்று முக்கில் நின்று மைக்கில் முழங்கினேன். ஊருக்கு உபதேசம்! பேப்பரில் படம்கூட வந்தது.

ஸ்டெல்லாவின் இருமல் அடங்கவில்லை. நாகர்கோவிலில் ஒரு டாக்டரிடம் அழைத்துப் போனேன். அவர் அவளைப் பார்த்துத்தான் கேட்டார்: "வீட்ல விறகடுப்பா?"

நான் முந்திக்கொண்டேன். "கேஸ்தான் டாக்டர். பக்கத்துல ஒரு அண்டியாபீஸ் இருக்கு. அந்தப் பொகதான்."

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

ஏன் பொய் சொன்னேன்? போராட்டக்காரன் வீட்டு அடுப்படியே புகைப்புரை என்று வெளியே தெரிந்தால் மானம் போகுமே! என் மானம் பெரிதா, அவள் மூச்சு பெரிதா? அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது எனக்கு மானம்தான் பெரிதாக இருந்தது. வெட்கங்கெட்டவன்!

தொழிற்சாலைப் புகை வரும் நேரத்தில் சன்னல்களை மூடிவையுங்கள் என்றார் டாக்டர். பாவம், அவர் என்ன செய்வார்? நான் சொன்னதை நம்பினார். வீட்டுக்கு வந்து, திறந்திருந்த சன்னலையும் மூடினேன். உள்ளே அடுப்பு புகைந்துகொண்டிருந்தது...

அதோடு நின்றேனா? அடுத்த கூட்டத்தில் அவளை முன்வரிசையில் உட்காரவைத்தேன். "என் மனைவி பீடியைக் கையால் தொட்டவளில்லை. இவள் நெஞ்சை இப்படி ஆக்கியது யார்?" என்று தொழிற்சாலையை நோக்கிக் கை நீட்டினேன். கைதட்டல் அடங்க நேரமாயிற்று.

திரும்பி வருகையில் அவள் மூச்சு வாங்க வழியில் நின்றாள். "எனக்க நெஞ்சுக்க பொக முழுசையும் அண்டியாபீஸ்காரனுக்க தலையில கெட்டியாச்சு, இல்லியா?" என்றாள். நான் முன்னால் நடந்துவிட்டேன்.

போராட்டம் ஜெயித்தது. அண்டியாபீஸ்காரன் புகைபோக்கியை உயர்த்தினான், வடிகட்டி வைத்தான். தெருவின் இருமல் குறைந்தது. ஸ்டெல்லாவின் இருமல் குறையவில்லை. இனி யார் தலையில் கட்டுவது? அதற்குப் பிறகுதான் கொல்லையில் நாலு வரிசைக் கல் வைத்து, தகரம் போட்டு, ஒரு புகைப்புரை கட்டினேன். அவ்வளவுதான் வேலை! எந்த வருடமும் செய்திருக்கலாம்.

கெட்ட நுரையீரல் திரும்பாது என்கிறார் டாக்டர். இப்போது ஆக்ஸிஜன் இயந்திரத்தின் குழாய் அவள் மூக்கில் இருக்கிறது. கேஸில் நான் சமைக்கிறேன். டாக்டருக்கு இன்றும் உண்மை தெரியாது, ஊருக்கும் தெரியாது. உங்களிடம் சொல்லிவிட்டேன். அதனால் அவளுக்கு ஒரு மூச்சு கூடுமா? கூடாது.

நேற்று போன் வந்தது. பாறை உடைக்கும் இடத்துத் தூசியை எதிர்த்துக் கூட்டமாம். "அண்ணே, நீங்க பேசினாத்தான் எடுபடும்" என்றான் எங்கள் குழுப் பையன் ஒருவன். வாயில் வந்துவிட்டது: "வாறேன் மக்கா."

போனை வைத்ததும், உள்ளே இயந்திரத்தின் இரைச்சலுக்கு மேலாக அவள் குரல் கேட்டது.

"இந்தத் தடவையும் எனக்க பேரச் சொல்லுவியளா?"