தைக்காவின் மேற்குச் சுவர்

ஈரச் சீமெந்தின் வாசம் எங்கே அடித்தாலும் நான் நின்றுவிடுகிறேன். புது வீட்டு வாசம் என்பார்கள். எனக்கு அது பொய்யின் வாசம். நானே குழைத்து, நானே பூசிய பொய்.

என் மூத்த சகோதரி, ராத்தாவின் வீட்டு வளவை ஒட்டி ஒரு தைக்கா இருக்கிறது. பெண்கள் மட்டும் தொழும் சின்னக் கட்டடம். கடற்கல்லும் சுண்ணாம்பும் சேர்ந்த, இரண்டு முழத் தடிப்புச் சுவர். கடல் ஊருக்குள் வந்த அன்று சுற்றியிருந்த புது வீடுகளெல்லாம் போய்விட்டன. அது மட்டும் இடுப்பளவு சேற்றில் நின்றது, ஒன்றும் நடக்காதது போல.

அதன் மேற்குச் சுவரில் அரபு எழுத்தில் ஐந்து வரித் தமிழ் கீறியிருந்தது. ஒரு பெண் தன் காணியைத் தொழும் பெண்களுக்கு விட்டதையும் அந்தக் காணியின் நான்கு எல்லைகளையும் சொல்லும் வரிகள். நோன்புக்கு முன்னர் நாங்கள்தான் சுண்ணாம்பு அடிப்போம். அடித்த கையோடு தென்னை ஈர்க்கில் எடுத்து, எழுத்துக்குள் நிறைந்த சுண்ணாம்பை ஒவ்வொரு வளைவாகக் கிண்டி எடுப்போம். வாசிக்கத் தெரியாதவளுக்கும் அந்த வளைவுகள் விரலுக்குத் தெரியும்.

நான் அந்தப் பொய்யைப் பூசிய வருடம் ராத்தாவின் மகளுக்குக் கலியாணம் பேசியிருந்தது. பெண்ணுக்கு வீடு கட்டிக் கொடுக்காமல் எங்கள் ஊரில் கலியாணம் இல்லை. தைக்காவுக்குத் தெற்கே, ராத்தாவின் வளவில், அத்திவாரம் வெட்டியாயிற்று. அப்போதுதான் ஒருவர் பழைய கட்டடங்களை அளந்துகொண்டு திரிகிறார் என்ற கதை வந்தது. எங்கோ ஓர் ஊரில் பழைய இடமொன்றுக்குத் தொல்பொருள்காரர் பலகை நட்டார்களாம். அதற்குப் பிறகு பக்கத்தில் வேலிக்கம்பு நடவும் விடவில்லையாம்.

பாதுகாக்கப்பட்ட இடம் என்று அந்தப் பலகைகள் சொல்லும். பாதுகாப்பு என்ற சொல்லை எங்கள் கரையோரம் யுத்தகாலச் சோதனைச்சாவடியில்தான் படித்தது. யாரிடமிருந்து, யாருக்காக என்று கேட்காமல் எங்களால் அதை வாசிக்க முடிவதில்லை.

எழுத்து இருந்தால்தானே பழசு என்றாள் ராத்தா. எனக்கும் அது சரியாகவே பட்டது. அத்திவாரத்துக்கு வந்த சீமெந்தில் ஒரு தாச்சிச் சட்டி எடுத்துக் குழைத்தேன். ஐந்து வரியும் மூடப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

மூன்றாம் நாள் காலை அந்த அளக்கிறவர் வந்தார். தமிழ் ஊரான காரைதீவுக்காரர். பழைய மோட்டார் சைக்கிள், அளவு நாடா, சுருட்டிய தாள்கள். கடிதமும் இல்லை, அரச கந்தோர் முத்திரையும் இல்லை. அதுவே எங்களுக்குப் பெரிய சந்தேகம். ராத்தா பிளேன் டீ கொடுத்துவிட்டு விசாரணையைத் தொடங்கினாள். யார் அனுப்பியது, படம் எங்கே போகும், வளவையும் அளப்பீரா. தான் பள்ளிக்கூடத்தில் சித்திரம் படிப்பிப்பதாகவும் விடுமுறையில் பழைய கட்டடங்களைப் படமாகக் கீறுவதாகவும் அவர் சொன்னார்.

"சம்பளமில்லாம ஆராச்சும் செவரு அளப்பானா?" ராத்தா என் காதுக்குள் கேட்டாள்.

நான் அவர் பின்னாலேயே நடந்தேன், திருடனைக் காவல் காப்பவள் போல. மேற்குச் சுவரின் முன்னால் நின்று உள்ளங்கையை வைத்தார். சீமெந்து இன்னும் குளிர்ந்திருந்தது.

"இதில எழுத்து ஏதும் இருந்திச்சா, அக்கா?"

"இல்ல."

அவர் என்னைப் பார்க்கவில்லை. தாளில் அந்தச் சுவரை வெறும் சதுரமாகக் கீறினார்.

வாசல் கடப்படியில் ராத்தா நேராகவே கேட்டாள், இதெல்லாம் எதற்கு என்று. அவர் தங்கள் பக்கத்து மடம் ஒன்றைப் பற்றிச் சொன்னார். அதிலிருந்த எழுத்துக் கல்லை ஊரே உடைத்துப் படிக்கட்டுக்குப் போட்டதாம். பிறகு அந்த இடம் யாருடையது என்று வெளியார் வந்து கேட்டபோது காட்ட ஒன்றும் இருக்கவில்லையாம்.

"நாங்க அளக்காம விட்டம், ராத்தா. மறுகா வெளியால இருந்து வந்தவங்க அளந்தாங்க."

அவரை நம்பினேன் என்று இன்றைக்கும் எழுத மாட்டேன். நம்ப வைக்க வருகிறவனும் இதைத்தானே சொல்வான். ஆனால் ராத்தாவின் கண் அத்திவாரக் குழிக்குப் போனது, என் விரலுக்கு நாலாம் வரி ஞாபகம் வந்தது. 'தெற்கே என் மகளுக்குக் கொடுத்த வளவு' என்றிருந்தாள் காணியை விட்டவள். அந்த மகளிடமிருந்து பெண் வழியாகவே இறங்கி ராத்தாவிடம் வந்த வளவு. அதன் உறுதிப் பத்திரத்தைக் கடல் கொண்டுபோய்விட்டது. மிச்சமிருந்த ஒரே உறுதி, நான் சீமெந்து பூசிய சுவர்.

ஈர்க்கிலால் இனிக் கிண்ட முடியாது. உளி வைத்தால் சீமெந்தோடு சுண்ணாம்பும் எழுத்தும் கழன்று வரும்.

அவர் படத்தின் ஒரு பிரதியை ராத்தாவிடம் கொடுத்துவிட்டு மோட்டார் சைக்கிளை உதைத்தார். ராத்தா வெறும் சதுரத்தைப் பார்த்தபடியே நின்றாள். அவர் புறப்படப்போகும்போது கைப்பிடியில் கை வைத்து நிறுத்தினாள்.

"மூணு நாளைக்கு முந்தி வந்திருக்கக் கூடாதா, தம்பி?"