ஆடிட்டுக்குச் சொன்ன பதில்

ஆறு வருடமாக முனைவர் பட்டம் படிக்கிறேன் என்று சொல்லவே இப்போதெல்லாம் கூச்சமாக இருக்கிறது. "இன்னுமா முடியல?" என்று கேட்பவர்களுக்குப் பயந்தே கல்யாண வீடுகளில் கை கழுவிய கையோடு கிளம்பிவிடுகிறேன். வாரம் முழுக்க வேலூரில் ஒரு நர்சிங் கல்லூரியில் சமூக சுகாதாரப் பாடம் எடுப்பேன். ஞாயிற்றுக்கிழமை ஆனால் ஆம்பூர் பஸ். அன்றைக்குத்தான் ஷூ கம்பெனிப் பெண்கள் வீட்டில் இருப்பார்கள். அவர்களுக்குக் கையில் வரும் தோல் நோய்தான் என் ஆய்வு.

தோலை ஒட்டும் பசையை அங்கே சொல்யூஷன் என்பார்கள். நாளெல்லாம் அதைத் தடவுகிற விரல்கள் என்ன ஆகின்றன என்பதற்கு ஒரு நீளமான படிவம் வைத்திருந்தேன். அரிப்பு உண்டா? இல்லை. வெடிப்பு? இல்லை. கையுறை தருகிறார்களா? தருகிறார்கள். தெருத் தெருவாக இதே பதில். வெயிலில் பத்து வீடு ஏறி இறங்கியவளுக்குப் பதில் சீக்கிரம் வந்தால் போதும் என்றிருந்தது. நானும் தலை நிமிராமல் டிக் அடித்துக்கொண்டே போனேன்.

"டிசம்பருக்குள்ள தீசிஸ் குடுக்கலைன்னா ரிஜிஸ்ட்ரேஷன் போய்டும். இனிமே டைம் கேட்டாலும் தர மாட்டாங்க" என்று என் வழிகாட்டிப் பேராசிரியை சொல்லிவிட்டார். நல்லவேளையாக ஒரே ஒரு தெருதான் பாக்கி.

அந்தத் தெருவில் கடைசி வீட்டுக்காரி நான் கேட்டு முடிப்பதற்குள் ஒப்பிக்கத் தொடங்கினாள். "கிளவுஸ் தர்றாங்க, மாஸ்க் தர்றாங்க, ஓவர்டைம் நம்ம இஷ்டம்."

"ஓவர்டைம் பத்தி நான் கேக்கவே இல்லையேக்கா?"

"ஷூ வாங்குற வெளிநாட்டு பையர் அனுப்புற ஆடிட்ல கேப்பாங்களே சிஸ்டர். இன்னா சொல்லணும்னு சூப்பர்வைசர் முன்னாடியே சொல்லிக் குடுத்துடுவாரு."

"நான் ஆடிட் இல்லக்கா. காலேஜ்லேர்ந்து வர்றேன்."

"கழுத்துல கார்டு, கையில பைலு. எல்லாத் தெருவுலயும் ஆடிட்டுன்னுதான் பேசிக்கினாங்க. ஏதாவது சொல்லி ஆர்டர் நின்னு போய்ட்டா நாங்க எங்க போறது?"

அப்படியானால் இதுவரை நான் டிக் அடித்ததெல்லாம் ஆடிட்டுக்குச் சொன்ன பதில்கள். முதலில் கம்பெனிக்காரர்கள் மேல் கோபம் வந்தது. அவள் உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்தாள். எவர்சில்வர் டம்ளரை, நைட்டி மேல் போட்டிருந்த துண்டால் பிடித்திருந்தாள். பச்சைத் தண்ணீருக்கு எதற்குத் துண்டு?

"விரல்ல பட்டா எரியுது சிஸ்டர்" என்றாள்.

துண்டை விலக்கினேன். விரல் நுனிகள் வெடித்து, ஓரங்களில் தோல் உரிந்து சிவந்திருந்தன. முதல் வருடப் பிள்ளைகளுக்கு நான் எடுக்கும் முதல் பாடமே முதலில் பார், பிறகு கேள் என்பதுதான். இத்தனை வீடுகளில் ஒருத்தியிடமும் கையைக் காட்டச் சொல்லவில்லை. வெட்கமாக இருந்தது. கம்பெனிக்காரர்களைத் திட்ட வாய் வரவில்லை.

என் முகத்தைப் பார்த்து அவளுக்கே பாவமாகிவிட்டது. "இல்லைன்னே போட்டுக்குங்க சிஸ்டர். உங்க படிப்பும் முடியணும் இல்ல?"

ஒரு நிமிடம் போட்டுவிடலாம் என்றுதான் நினைத்தேன். உடம்பில் அவ்வளவு அலுப்பு. பிறகு கழுத்து அட்டையைக் கழற்றிப் பைக்குள் போட்டேன். படிவக் கட்டும் உள்ளே போனது.

"இன்னொரு கையையும் காட்டுக்கா" என்றேன். இனி எல்லாத் தெருவும் மறுபடி முதலிலிருந்து; டிசம்பர் கெடு போனதுதான்.