அம்மா பறங்கிக்காய் துடைத்த ஞாயிறு

எங்கள் வீட்டில் ஒரு காலத்தில் விருந்தாளியைவிடப் பறங்கிக்காய்க்கு மரியாதை அதிகம். மயிலாப்பூரில் குளத்துக்குப் பின்னால் இருந்த அந்த வீட்டின் கொல்லை அறையில், மேஜை மேலும் ஜன்னல் விளிம்பிலும் கட்டிலுக்கு அடியிலும் பறங்கிக்காய்கள் உட்கார்ந்திருக்கும். எதையும் சமைக்கக் கூடாது. வாங்கி வருவது அப்பாவின் பொறுப்பு. மார்க்கெட்டில் ஒருவர் "சாமி ஹோட்டல் வச்சிருக்கீங்களா?" என்று கேட்டுவிட்டார். அன்றிலிருந்து அப்பா கடையை மாற்றி மாற்றி வாங்கினார்.

எல்லாம் அத்தைக்காக. அப்பாவின் தங்கை. விலங்கியலில் எம்.எஸ்ஸி. முடித்துவிட்டு, டாக்டர் பட்டத்துக்காகப் பொறிவண்டுகளை ஆராய்ந்துகொண்டிருந்தாள். கோடை விடுமுறையில் கல்லூரியைப் பூட்டிவிடுவார்கள். வண்டுக்கு ஏது விடுமுறை? ஆகவே அவை அரிக்கேன் விளக்குக் கண்ணாடிகளுக்குள் அடைபட்டு எங்கள் வீட்டுக்குக் குடிவந்தன. கறுப்பு உடம்பு, செங்கல் நிறத் தலை, துவரம்பருப்பைவிடச் சின்ன உருவம். செடிகளில் வெள்ளை வெளேரென்று அப்பிக்கொண்டு சாறு உறிஞ்சுகிற மாவுப்பூச்சிதான் அவற்றின் ஆகாரம். மருந்தே அடிக்காமல், இந்த வண்டுகளை விட்டே பழத்தோட்டங்களைக் காப்பாற்றலாம் என்று அத்தை சொல்லுவாள். வண்டு தின்ன மாவுப்பூச்சி, மாவுப்பூச்சி வளரப் பறங்கிக்காய். இது அத்தைக்குத் தெரியும், எனக்குத் தெரியும். வீட்டில் எல்லோருக்கும் தெரியும் என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம்.

அந்தக் கோடையில் டெல்லியிலிருந்து ஒரு வரன் வந்தது. சர்க்கார் உத்தியோகம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மூன்றரைக்குப் பெண் பார்க்க வருகிறார்கள், அன்றைக்கே ராத்திரி ரயில். நாலரைக்கு ராகு காலம் பிறந்துவிடும் என்பதால் அதற்குள் பெண்ணைப் பார்த்துவிட வேண்டும். படித்தவரை போதும், ஆவணியில் கல்யாணம், கையோடு டெல்லி என்று முன்கூட்டியே சொல்லி அனுப்பியிருந்தார்கள். "இன்னும் ஒரு வருஷம் குடுத்தா முடிச்சுடுவேன் அண்ணா" என்று அத்தை ஒரே ஒரு தடவை சொன்னாள். "நல்ல இடம் நமக்காகக் காத்துண்டிருக்குமா?" என்றார் அப்பா. அவர் கெட்டவர் இல்லை. பறங்கிக்காய் சுமந்த அதே தோளில்தான் தங்கை கல்யாணக் கவலையையும் சுமந்துகொண்டிருந்தார்.

ஞாயிறு உச்சிப்பொழுதில் அத்தை தலைக்குக் குளிக்கப் போன நேரத்தில், அம்மா கொல்லை அறையில் புகுந்தாள். வருகிறவர்கள் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தால் என்ன நினைப்பார்கள்? அத்தை திரும்பி வந்தபோது பறங்கிக்காய்கள் எல்லாம் ஈரத்துணியால் துடைக்கப்பட்டு, தீபாவளிக்குத் தேய்த்த பித்தளைப் பாத்திரம் மாதிரி வரிசையாகப் பளபளத்துக்கொண்டிருந்தன.

"மன்னி, இதுல இருந்ததெல்லாம் எங்கே?"

"எது, அந்த வெள்ளையா? காளான்னா பூத்திருந்தது. பாவம், வாயில்லா ஜீவன், அழுக்கோட திங்கறதேன்னு துடைச்சேன்."

இத்தனை மாதமும் வண்டு பறங்கிக்காய் தின்கிறது என்றே அம்மா நம்பியிருக்கிறாள். அத்தை கோபித்துக்கொள்ளவில்லை. அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். அதைப் பார்த்து அம்மா அழ ஆரம்பித்தாள்.

அப்பா ஒரு யோசனை சொன்னார். "கொல்லை அவரைக்கொடியில அசுவினிப் பூச்சி கறுப்பா அப்பிண்டிருக்கே, அதைப் பிடிச்சுப் போடேன். பசிச்சா திங்காதா?"

"திங்கும் அண்ணா. உசிரோடயும் இருக்கும். ஆனா முட்டை வைக்காது. மாவுப்பூச்சி இருக்கற இடத்துலதான் வைக்கும், பொரிக்கற புழுவுக்கும் அதுதான் வேணும். இந்த வண்டெல்லாம் இப்படியே போச்சுன்னா நான் பண்ணினது அத்தனையும் போச்சு. அடையாறுல தோட்ட வீடு நிறைய இருக்கு, செம்பருத்தியில கட்டாயம் கிடைக்கும். போயிட்டு உடனே வந்துடறேன்."

அப்பா கடிகாரத்தைப் பார்த்தார், அழுகிற அம்மாவைப் பார்த்தார், சரி என்றார். கல்யாணத்துக்கு நிற்கிற பெண்ணைத் தனியாக அனுப்பக் கூடாது என்று, எட்டு வயசுப் பெண்ணான என்னைத் துணைக்கு அனுப்பினார்கள்.

அடையாற்றில் எங்களுக்கு அதிர்ஷ்டம் முதல் தெருவிலேயே காத்திருந்தது. ஒரு பெரிய பங்களாவின் வேலியோரச் செம்பருத்தி, நுனியெல்லாம் சுருண்டு, மாவு தூவினது போல் நின்றது. அத்தை காவல்காரரிடம் போய் அந்தக் கிளைகளைக் கேட்டாள்.

"இன்னாம்மா நீ? நல்ல பூவு இந்தாண்ட கீது. அத்த வுட்டுட்டு நோவு புடிச்ச கெளையப் போய் கேக்கற?"

"எனக்கு நோவுதான் வேணும்" என்றாள் அத்தை.

அவர் எங்களை ஒரு மாதிரி பார்த்தார். ஆனால் பீடை ஒழிந்ததென்று அரிவாளோடு வந்து கிளை கிளையாக வெட்டிக் கொடுத்தார். துணிப்பை பிதுங்கியது. அந்தக் கிளைகளில்தான் வண்டுகள் பிறகு முட்டை வைத்தன, அவற்றின் வம்சத்தால்தான் அத்தை டாக்டரும் ஆனாள். பை நிறைந்தபோது மணி மூன்றுகூட ஆகியிருக்கவில்லை.

பஸ் ஸ்டாப்புக்கு வந்தோம். உடனே பஸ் வந்தது. நான் ஓடினேன், அத்தை என் பின்னலைப் பிடித்து நிறுத்தினாள். "இரு, கூட்டமா இருக்கு" என்றாள். கண்டக்டர் தலையை வெளியே நீட்டி, "எடம் கீதும்மா, ஏறு" என்றார். அத்தை பைக்குள் எதையோ மும்முரமாகத் தேடினாள். அடுத்ததும் வந்தது, போயிற்று. அத்தை எனக்கு வேர்க்கடலை வாங்கித் தந்தாள், பதினாறாம் வாய்ப்பாடு கேட்டாள். ஒவ்வொரு பஸ்ஸாக வந்து, எங்களுக்காகச் சற்றே நின்று, புழுதி கிளப்பிக்கொண்டு போனது.

"வண்டுக்கெல்லாம் பசிக்குமே அத்தை" என்றேன்.

"கொஞ்ச நாழி தாங்கும்" என்றாள்.

ராகு காலம், எமகண்டம் என்று யாராவது ஆரம்பித்தாலே சிரிக்கிறவள் அத்தை. அன்றைக்கு என்னவோ, வாட்சிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. நாலரை தாண்டியதும் சட்டென்று எழுந்தாள். "வா, பஸ் வந்துடுத்து." வந்த பஸ்ஸில் படிவரை ஆட்கள் தொங்கினார்கள். முண்டியடித்து ஏறி, பையைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு, மயிலாப்பூர் லஸ்வரை ஒற்றைக் காலில் வந்தோம். எனக்கு ஒரே கடுப்பு.

கூடத்தில் ஜமக்காளம் விரித்தபடி கிடந்தது, காலிக் காபி டம்ளர்கள் கிடந்தன, ஆட்கள் இல்லை. வேஷ்டி கசங்காமல் அப்பா நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார்.

"ராகு காலம் பொறக்கறதுன்னு கிளம்பிட்டா. இனிமே எங்கே வரப்போறா?" என்றார். குரல் உயரவே இல்லை. "ஏன் இத்தனை நாழி? பஸ் கிடைக்கலையா?"

அத்தை என்னையே பார்த்தாள். அப்பாவும் என் பக்கம் திரும்பினார். தன் பெண் பொய் சொல்ல மாட்டாள் என்பதில் அவருக்குப் பெருமை உண்டு.

"பஸ்ஸெல்லாம் நிறைய வந்துதுப்பா. காலியாக்கூட..."

எங்கிருந்துதான் அம்மா வந்தாளோ, ஒரு முழு வாழைக்காய் பஜ்ஜி என் வாய்க்குள் இருந்தது. "குழந்தை மத்தியானம் சரியாவே சாப்பிடலை" என்றாள். அதை ஒருவழியாக விழுங்கிவிட்டு மறுபடி வாயைத் திறந்தேன். இன்னொன்று வந்தது. அப்பா பெருமூச்சு விட்டு எழுந்து உள்ளே போகிறவரை அம்மாவின் கை ஓயவில்லை.

பையை நெஞ்சோடு அணைத்தபடி அத்தை அம்மாவையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் கன்னத்தில் கண்ணீர் வழிந்தது. மாப்பிள்ளை வீட்டார் சரியாகச் சாப்பிடவில்லை, பஜ்ஜி வீணாகிவிடும் என்றுதான் அம்மா எனக்கு இப்படி ஊட்டுகிறாள் என்று நினைத்தேன். அத்தைக்கு ஒன்றுகூடத் தரவில்லையே, பாவம், அதற்குத்தான் அழுகிறாள் என்றும் நினைத்தேன்.