சாப்பிட்ட கையோடு

சூடான சோற்றில் சாம்பார் விழும்போது எழும் பெருங்காய மணம் எல்லோருக்கும் பசியைக் கிளப்பும். எனக்கோ அடிவயிற்றில் யாரோ கயிற்றைப் பிடித்து முறுக்குவதுபோல இருக்கும். நாலு கவளம் இறங்குவதற்குள் கொல்லைக் கழிவறைக்கு ஓட வேண்டும். காரைக்கால் பக்கம் போலகத்தில் எங்கள் வீட்டில் இதற்குக் "கலக்கல்" என்று பெயர். "தின்னு முடிக்கல, அதுக்குள்ள கலக்கல் வந்துடுச்சு பாரு" என்பார் அம்மா. தின்றதெல்லாம் தங்காமல் அப்படியே வெளியேறிவிடுகிறது என்று வீட்டில் எல்லோரும் நம்பினார்கள், நானும் நம்பினேன்.

பக்கத்து வீட்டில் சித்தப்பா மகள் ரேவதி. எனக்கும் அவளுக்கும் ஒரே வயது, ஒரே வகுப்பு. கல்யாணப் பந்தியில் இரண்டாம் முறை பாயசம் வாங்கிக் குடித்துவிட்டு, இலையை மடித்த பிறகும் அசையாமல் உட்கார்ந்து கதை பேசுவாள். சித்தப்பா காரைக்காலுக்குப் போகும்போதெல்லாம் அவளை வண்டியில் ஏற்றிக்கொண்டுபோய் பரோட்டா வாங்கிக் கொடுப்பார். என்னை அழைப்பதில்லை. "அவளைக் கூட்டிட்டுப் போனா வழியில எங்க எடம் தேடுறது?" என்று சிரிப்பார். பரோட்டா கிடைக்காததுகூடப் பெரிதில்லை. வயிறு நிறையத் தின்றுவிட்டு அவள் நிம்மதியாக வந்து இறங்குவதைப் பார்க்கத்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஏழாம் வகுப்பில் காரைக்காலில் ஒரு பாட்டுப் போட்டிக்கு இருவரும் சேர்ந்து பாடுவதாகப் பெயர் கொடுத்திருந்தோம். பாட்டில் மட்டும் நான் அவளைவிடக் கெட்டி. அன்று காலை, "வெறும் வயித்தோட பாடுனா மயக்கம் வரும்" என்று அம்மா நாலு இட்லியை ஊட்டியே அனுப்பினார். பேருந்து வழியிலிருக்கும் பட்டினம் ஊரைத் தாண்டியதும் எனக்கு வியர்த்துக் கொட்டியது. ரேவதிதான் கண்டக்டரிடம் கெஞ்சி வண்டியை நிறுத்தினாள். சாலையோர வீட்டில் ஓர் அக்கா ஒன்றும் கேட்காமல் கழிவறையைக் காட்டினார். நான் உள்ளே இருக்கும்போதே பேருந்து உறுமியது. "அண்ணே, போகாதீங்கண்ணே, அவ வந்துடுவா!" என்று உள்ளேயிருந்து ரேவதி கத்தியது எனக்குத் தெளிவாகக் கேட்டது. வண்டி அவளோடு போய்விட்டது.

அடுத்த பேருந்தைப் பிடித்து நான் போய்ச் சேர்ந்தபோது, அவள் தனியாகப் பாடி முதல் பரிசு வாங்கியிருந்தாள். "இந்தா, நீயே வச்சுக்கடி" என்று நீட்டிய கோப்பையை நான் தொடவில்லை. வீட்டுக்கு வந்ததும் சித்தப்பாவிடம் சொன்னேன்: "இவதான் வண்டியை எடுக்கச் சொன்னா."

சித்தப்பா அவளை அறைந்தார். "அக்கா தங்கச்சிய நடுரோட்டுல விட்டுட்டு வந்தவளுக்குப் பாட்டு ஒரு கேடா?"

ரேவதி என்னையே பார்த்தாள். மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை. அதற்குப் பிறகு அவள் பாடவுமில்லை.

இத்தனை வருடம் கழித்து, சென்ற ஆண்டுதான் வெட்கத்தை விட்டுக் காரைக்காலில் ஒரு டாக்டரம்மாவிடம் போனேன். "சாப்பாடு உள்ள போனதும் பெருங்குடல் எடம் பண்ண ஆரம்பிக்கும். எல்லாருக்கும் நடக்குறதுதாங்க, உங்களுக்குக் கொஞ்சம் வேகம். இப்ப வெளிய போறது இப்ப சாப்பிட்டது இல்ல, நேத்தோ முந்தாநேத்தோ சாப்பிட்டது" என்றார். பதற்றம் இருந்தால் வேகம் கூடுமாம். ஒரேயடியாக வயிற்றை நிரப்பாமல் கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடச் சொன்னார். ரத்தம் போனாலோ எடை குறைந்தாலோ உடனே வரச் சொன்னார்.

அங்கிருந்து நேராகக் காரைக்காலிலேயே இருக்கும் ரேவதி வீட்டுக்குப் போனேன். அவள் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"அன்னைக்கு நீ கத்துனது எனக்குக் கேட்டுச்சு ரேவதி."

"தெரியும்."

"அப்பவே ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா அடி உனக்கு விழுந்திருக்கும். நீ ஏற்கெனவே அழுதுகிட்டு நின்னே." பிறகு அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "உன்னைப் பார்த்து நான் எவ்வளவு பொறாமைப்பட்டிருக்கேன் தெரியுமா? எனக்கு நாலு நாளைக்கு ஒருக்கா, அதுவும் வெளக்கெண்ணெய் குடிச்சாத்தான்!"

நானும் சிரித்தேன், ஆனால் உள்ளே எரிந்தது. இப்படிப் பொறுத்துப்போகிற மனசும் இவளுக்குத்தானா வாய்க்க வேண்டும்?

இப்போது போலகத்து வீட்டில் கொல்லைக் கழிவறை இல்லை, படுக்கையறைக்குள்ளேயே வந்துவிட்டது. சித்தப்பாவும் இல்லை. அன்று ரேவதி வீட்டிலிருந்து கிளம்பும் முன் அந்தப் போட்டிப் பாட்டைப் பாடச் சொல்லி அவளிடம் கேட்டேன். தொண்டையைச் செருமிக்கொண்டு முதல் அடியை எடுத்தாள். இரண்டாவது அடி அவளுக்கு மறந்துபோயிருந்தது. எனக்கு முழுப் பாட்டும் நினைவிருந்தது. எடுத்துக்கொடுக்க வாய் வரவில்லை.