கோவில்பட்டியிலேயே இருப்பதற்காக எழுதிய பரீட்சை

அண்ணாச்சி கேட்டது

பெரிய கஸ்டமர் ஒருவர் கையை விட்டுப் போகப்போகிறார் என்று தெரிந்த அன்று காலையில் முதலாளி எங்கள் இருவரையும் கேபினுக்குக் கூப்பிட்டார். முதலாளி என்று நாங்கள் யாரும் சொல்வதில்லை, அண்ணாச்சிதான். தீப்பெட்டி ஆபீஸ், அதாவது தீப்பெட்டித் தொழிற்சாலை, நடத்திய குடும்பத்தில் பிறந்தவர். அவர் மட்டும் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பி, கோவில்பட்டியைச் சுற்றியுள்ள தீப்பெட்டி ஆபீஸ்களுக்கும் மில்களுக்கும் பில்லிங், ஸ்டாக் சாப்ட்வேர் செய்து கொடுக்கும் கம்பெனியை ஒரு மாடியில் நடத்திவந்தார். நான் ஸ்பின்னிங் மில் ஒன்றில் சிஸ்டம் அட்மினாக இருந்துவிட்டு அவரிடம் சேர்ந்தவன். சர்வர், பேக்கப், நெட்வொர்க் எல்லாம் என் பொறுப்பு.

இன்னொருவர் சாப்ட்வேர் எழுதும் முத்துலட்சுமி. எப்போதும்வென்றான் கிராமத்திலிருந்து பஸ்ஸில் வந்துபோவார். சென்னையில் சில வருடம் வேலை பார்த்து, அந்த ஊரும் ஹாஸ்டலும் ஒத்துக்கொள்ளாமல் திரும்பியவர். கல்யாணம், குழந்தை எல்லாம் ஆன பிறகு, சொந்த ஊருக்குப் பக்கத்திலேயே தன் படிப்புக்கு வேலை கிடைத்ததைப் பெரிய அதிர்ஷ்டமாக நினைத்தவர்.

அண்ணாச்சி சுற்றி வளைக்கவில்லை.

"கோயம்புத்தூர் பார்ட்டிக்கு சர்வர் எல்லாத்தையும் கிளவுடுக்கு மாத்தணுமாம். மாத்திக் குடுக்குத கம்பெனி அந்த கிளவுடுகாரனோட பார்ட்னர் லிஸ்ட்ல இருக்கணும்னு சொல்லுதாவ. அதுல ஏறணும்னா அவன் நடத்துத பரீட்சைல புரொபஷனல் லெவல் பாஸ் பண்ணுன ஆளு ரெண்டு பேரு வேணும். உங்க ரெண்டு பேரை விட்டா எனக்கு யாரு இருக்கா?"

"இல்லேன்னா என்ன ஆகும் அண்ணாச்சி?" என்று கேட்டேன்.

"என்ன ஆகும்? ஆபீஸைப் பூட்டிட்டு நான் கடலைமிட்டாய் கடை போடணும். பாஸ் பண்ணிக் குடுங்க. இந்த ஆபீஸ் இங்கனயே இருக்கும்."

முத்துலட்சுமி உடனே சொன்னார்: "இங்கனயே இருக்கும்னா நான் படிக்குதேன் அண்ணாச்சி."

ஆர்.டி.ஓ.

இந்தப் பரீட்சையை எழுதப்போகும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். அசோசியேட் லெவலில் சர்வீஸ்களின் பெயரும் வேலையும் தெரிந்தால் பெரும்பாலும் தப்பித்துவிடலாம். புரொபஷனல் லெவல் அப்படியில்லை. ஒவ்வொரு கேள்வியும் அரைப் பக்கத்துக்கு ஒரு கதை. ஒரு கம்பெனி, அதன் பழைய டேட்டாபேஸ், அதன் கிளைகள், அதன் தொல்லைகள். கீழே நான்கு விடைகள் இருக்கும். நான்குமே வேலை செய்யும். செலவு குறைந்தது எது, பராமரிப்பு குறைந்தது எது என்று கடைசி வரியில் ஒரு வார்த்தை இருக்கும். அந்த வார்த்தையைத் தவறவிட்டால் கேள்வியே போய்விடும்.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு கான்பரன்ஸ் ரூமில் இருவரும் உட்காருவோம். ஆளுக்கொரு கேள்வி. விடையைச் சொன்னால் போதாது, மற்ற மூன்றும் ஏன் இல்லை என்று சொல்ல வேண்டும். எனக்கு நெட்வொர்க் பாடம் எளிது, சொந்த சர்வர் வைக்காமலே புரோகிராமை ஓட்டும் சர்வர்லெஸ் விஷயங்கள் தலைக்குள் நுழையாது. முத்துலட்சுமிக்கு நேர்மாறு. ஆபீஸின் பழைய சர்வர் டேட்டாவைக் கொண்டு, கிளவுடுக்கு மாற்றும் மைக்ரேஷனை டெஸ்ட் அக்கவுண்டில் செய்து பார்த்தோம். முதல் தடவை பாதியில் நின்றது. அது ஏன் நின்றது என்று தேடியதில் கற்றுக்கொண்டது எந்த வீடியோவிலும் கிடைக்கவில்லை.

டிசாஸ்டர் ரெக்கவரி பாடத்தில் ஆர்.டி.ஓ. என்று ஒன்று வரும். சிஸ்டம் விழுந்தால் எவ்வளவு நேரத்துக்குள் திரும்ப ஓட வேண்டும் என்பதன் அளவு. முத்துலட்சுமி பஸ்ஸில் போகும்போது போனில் என்னோடு இதைப் பேசிக்கொண்டே போவார். அவர் கணவர் செல்வம் சொந்தமாக லோடு வண்டி ஓட்டுகிறவர். ஒரு நாள் வீட்டுக்குள் நுழையும்போதும் மனைவி ஆர்.டி.ஓ., ஆர்.டி.ஓ. என்று சொல்வதைக் கேட்டு மிரண்டுவிட்டார்.

"வண்டிக்கு எஃப்.சி. முடிஞ்சிட்டுன்னு யாரும் புகார் குடுத்துட்டாவளா?" என்று கேட்டாராம். மறுநாள் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார் முத்துலட்சுமி. ஆனால் அதே செல்வம்தான், மனைவி படிப்பதற்காகக் காலையில் குழந்தையைக் குளிப்பாட்டி, சாப்பாடு ஊட்டி அங்கன்வாடியில் விட்டுவிட்டு வண்டி எடுத்தார். புரட்டாசியில் மானாவாரிக் காட்டில் உளுந்து விதைப்பு நடந்தபோதும் முத்துலட்சுமியை யாரும் காட்டுக்குக் கூப்பிடவில்லை. "பரீட்சை முடியட்டும்னு சொல்லிட்டாவ அண்ணே. எங்க அத்தைக்கே இப்ப கிளவுடுன்னா என்னன்னு தெரியும்" என்பார். ஒரு குடும்பமே சேர்ந்து படித்த மாதிரிதான் இருந்தது.

ஊர்ப் பெயர்

பரீட்சை மையம் மதுரையில். இருவரும் ஒரே நாளில் ரயிலில் போய் எழுதினோம். நான் ஒட்டி உரசிப் பாஸ். முத்துலட்சுமிக்குக் கொஞ்சத்தில் போய்விட்டது.

திரும்பும்போது சாத்தூர் வரை ஜன்னலுக்கு வெளியே ஈரக் கரிசலைப் பார்த்துக்கொண்டே வந்தார். பிறகு சொன்னார்: "எப்போதும்வென்றான்காரி தோத்துட்டேன். ஊர்ப் பேரைக் கெடுத்துட்டேன் அண்ணே."

எங்கே போயிற்று என்று கேட்டேன். தெரியாத கேள்வி அதிகம் இல்லையாம். கடைசிப் பக்கங்களைப் படிக்கவே நேரமில்லையாம். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் மீடியம். அந்த நீளமான ஆங்கிலத்தை இரண்டு தடவை படித்தால்தான் அவருக்குப் பிடிபடும். ஆங்கிலம் தாய்மொழி இல்லாதவர்கள், பரீட்சைக்குப் பதிவு செய்வதற்கு முன்பே கேட்டால் கூடுதல் நேரம் தருவார்கள் என்பது எங்கள் இருவருக்கும் அப்போது தெரியாது. அடுத்த முறை கேட்டு வாங்கினார். பாஸ் செய்தார். என்னைவிட நல்ல மார்க்.

ரிசல்ட் வந்த அன்று அண்ணாச்சி ஆபீஸில் எல்லோருக்கும் பிரியாணி வரவழைத்தார். சப்போர்ட் கால் எடுக்கிற மூன்று பெண்பிள்ளைகள் முத்துலட்சுமியோடு மாறி மாறிப் படம் எடுத்துக்கொண்டார்கள். "எங்களுக்கும் சொல்லித் தருவீங்களாக்கா?" என்று ஒருத்தி கேட்டாள். "ஏன்ட்டி, நாளைக்கே ஆரம்பிப்போமே" என்றார். மறுநாளே ஆரம்பித்தும்விட்டார்.

யாரை வாங்கினார்கள்

கோயம்புத்தூர் வேலை கிடைத்தது. நன்றாகவும் செய்து கொடுத்தோம். பழைய சர்வரிலிருந்து புதியதற்கு மாறிய கட்ஓவர் அன்று ஒரு சர்வீஸ்கூட நிற்கவில்லை. அந்தக் கஸ்டமர் சொல்லி இன்னொருவர் வந்தார். என் வேலைக்காலத்தில் அவ்வளவு நிறைவாக இருந்த மாதங்கள் வேறு இல்லை.

அந்தச் சமயத்தில்தான் பெங்களூர் கம்பெனி ஒன்று எங்கள் கம்பெனியை வாங்கக் கேட்டது. அண்ணாச்சிக்கு அதற்கு முந்தைய வருடம் இருதய ஆபரேஷன் ஆகியிருந்தது. பிள்ளைகள் இருவரும் வெளிநாட்டில். அவர் கொடுக்கச் சம்மதித்தார். ஆபீஸ் இங்கேயே ஓடும் என்றுதான் அவரிடமும் பேசியிருந்தார்கள். கையெழுத்து ஆன பிறகு பேச்சு மாறியது.

மறுபடி எங்கள் இருவரையும் கேபினுக்குக் கூப்பிட்டார். முகத்தைப் பார்த்துப் பேச அவரால் முடியவில்லை.

"அவனுக்கு நம்ம சாப்ட்வேர் வேண்டாமாம். கஸ்டமரும் பெருசா வேண்டாமாம். புரொபஷனல் சர்டிபிகேட் வச்சிருக்க ஆளுதான் வேணுமாம். உங்க ரெண்டு பேரைத்தான் வாங்கியிருக்கான். எனக்கு இப்பத்தான் புரியுது. ரெண்டு பேரும் பெங்களூருக்கு வரணுமாம்."

"மத்த பிள்ளைகள் அண்ணாச்சி?" என்று கேட்டார் முத்துலட்சுமி.

"வேண்டாமாம்" என்றார் அண்ணாச்சி.

இங்கிருந்தே வேலை பார்க்கிறேன் என்று முத்துலட்சுமி அவர்களுக்கு எழுதினார். நானும் அவருக்காகப் போனில் மன்றாடினேன். கஸ்டமர் முன்னால் ஆள் உட்கார்ந்திருக்க வேண்டும், அது பாலிசி என்று எச்.ஆர். பெண் திரும்பத் திரும்ப ஒரே குரலில் சொன்னாள்.

"குழந்தையைக் கூட்டிட்டு வந்து ஒரு வருசம் இருந்து பாருங்களேன்" என்றேன்.

"அவிய வண்டி, காடு, அத்தை எல்லாம் இங்கன இருக்கு. நான் மட்டும் அங்கன போய் என்ன செய்ய? நான் படிச்சதே இங்கன இருக்கதுக்குத்தானே அண்ணே" என்றார். ராஜினாமா எழுதிக் கொடுத்தார்.

நான் போனேன். ஐம்பதை நெருங்கும் வயதில், மகள் காலேஜில் படிக்கும்போது, வேறு வேலை தேடும் தைரியம் எனக்கு இல்லை. மாடியில் இருந்த ஆபீஸைக் காலி செய்த நாளில் சப்போர்ட் பெண்பிள்ளைகள் மூவரும் வந்து நாற்காலிகளை இறக்க உதவினார்கள். தடுத்தும் கேட்கவில்லை. முத்துலட்சுமி நடத்திய பாடம் அசோசியேட் லெவலில் பாதியோடு நின்றுபோயிருந்தது.

இப்போது

சர்டிபிகேட்டுக்கு ஆயுள் மூன்று வருடம். சமீபத்தில் புதுப்பிக்கச் சொல்லி மெயில் வந்தது. அவருக்கும் வந்திருக்கும் என்று போன் செய்தேன். முத்துலட்சுமி இப்போது விளாத்திகுளம் பக்கம் ஒரு தனியார் பள்ளியில் கம்ப்யூட்டர் டீச்சர். ஆறாம் வகுப்புக்குப் பெயிண்ட் பிரஷ், பத்தாம் வகுப்புக்கு மார்க் என்ட்ரி.

"வீட்டிலிருந்தே பார்க்கிற வேலை இப்ப கொஞ்சம் கொஞ்சமா வருது முத்துலட்சுமி. புதுப்பிச்சு வையுங்க. நான் விசாரிக்கிறேன்."

போனில் பின்னால் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் சத்தம் கேட்டது.

"வேலை பாக்கலேன்னா எல்லாம் மறந்து போயிரும்னு நெனச்சேன் அண்ணே. மறக்க மாட்டேங்குது. பள்ளிக்கூடத்துல சர்வர் நின்னா, இதை எப்படி மாத்தியிருக்கலாம்னு மனசு பாட்டுக்குப் படம் போடுது. அதான் கஷ்டமா இருக்கு. மறந்திருந்தா நல்லா இருந்திருக்கும்."

அவர் புதுப்பிக்கவில்லை. கடைசித் தேதி போய்விட்டது. நான் எழுதினேன், பாஸ் செய்தேன். இந்தத் தடவை யாருக்கும் சொல்லவில்லை.

பாடத்திட்டம், மாதிரிக் கேள்வி, கூடுதல் நேரம் பற்றியெல்லாம் இளையவர்கள் என்னிடம் கேட்கிறார்கள். தெரிந்ததைச் சொல்கிறேன். கூடவே இதையும் சொல்கிறேன்: பதிவு செய்வதற்கு முன்னால் முதலாளியிடம் ஒரு கேள்வி கேளுங்கள். பாஸ் செய்த பிறகு நான் எந்த ஊரில் உட்கார்ந்து வேலை பார்ப்பேன், அதை முடிவு செய்யப்போவது யார்? நல்லவரான எங்கள் அண்ணாச்சியிடம் அன்றைக்கு நாங்கள் அதைக் கேட்டிருந்தாலும் அவருக்குப் பதில் தெரிந்திருக்காது. தெரியாது என்று அவர் சொல்லியிருப்பார். முடிவு அவர் கையில் இல்லை என்பதாவது எங்களுக்குத் தெரிந்திருக்கும்.