தேய்ந்த சின்ன உளி

பேத்தி மரக்கப்பல் செய்யத் தேக்குத்துண்டை உப்புத்தாளால் தேய்க்கிறாள். தேக்குத்தூள் வாசத்தோடு எனக்கு அறுபது வருஷத்து எரிச்சலும் வந்துவிட்டது.

திருச்சியில் எங்களைப் பெற்ற அத்தா தச்சுவேலை பார்த்தார். ஒருநாள் எனக்கும் அக்காவுக்கும் ஆளுக்கொரு மரத்துண்டு கொடுத்து, "கப்பல் செய்யுங்க. உளிய நீங்களே எடுத்துக்குங்க" என்றார். பளபளப்பான பெரிய உளியை நான் முந்திக்கொண்டு எடுத்தேன். தேய்ந்த சின்ன உளிதான் அக்காவுக்கு மிச்சம்.

பெரிய உளி இறங்கியதில் என் கப்பல் இரண்டாகப் பிளந்தது. அவளுடையது ஓடத்துறையில் காவிரித் தண்ணீரில் மிதந்தது.

"பெருசுக்குப் பறந்தியேடி!" என்று சிரித்தாள்.

"ஒன் உளி நல்ல உளி. ஒனக்கென்ன பெருமை?" என்றேன்.

அந்தக் கப்பல் இன்றும் அவள் வீட்டு அலமாரியில் இருக்கிறது. போனால் அதற்கு முதுகு காட்டித்தான் உட்காருவேன்.

பேத்தி உளிப்பெட்டியை நீட்டுகிறாள். "எத எடுக்க, நன்னிமா?"

"சின்னது எனக்கு. நீ வேற பாத்துக்க. எனக்கும் மரத்துண்டு ஒண்ணு குடு."