ஸ்பீக்கர் வண்டி தண்ணீர் வண்டி ஆன கதை

1. ஓம்

சேலம் அஸ்தம்பட்டியில் ஒரு பல் மருத்துவமனையின் மாடியில் எங்கள் அலுவலகம் இருந்தது. கீழே பல் பிடுங்குவார்கள், மேலே நாங்கள் ஜெபம் செய்வோம். சில நாட்களில் எது எந்தச் சத்தம் என்று படியேறி வருகிறவர்களுக்குத் தெரியாது. இலங்கையின் கிழக்குக் கரையில் ஊழியம் செய்யும் உள்ளூர்ப் போதகர்களுக்கு இங்கிருந்து ஆதரவு அனுப்புவது எங்கள் பணி. நான் அங்கே செயலாளர். போன வருடம்தான் ஓய்வு பெற்றேன். என்ன வேலை பார்த்தீர்கள் என்று யாராவது கேட்டால், இந்தத் தமிழுக்கும் அந்தத் தமிழுக்கும் நடுவே மொழிபெயர்ப்பு என்று சொல்வேன்.

செல்லத்துரை ஐயா தலைவராகப் பொறுப்பேற்ற வாரத்திலேயே அந்த வேலை தொடங்கிவிட்டது. நாமக்கல்லில் லாரிகளுக்கு பாடி கட்டும் பட்டறை வைத்திருப்பவர். குரலும் பெரியது, மனதும் பெரியது. எதையும் பெரிதாகவே செய்ய நினைப்பார். கிழக்குக் கரையில் நாங்கள் ஆதரிக்கும் யோகராசா போதகரிடம் அவரைப் போனில் பேசச் சொல்லிவிட்டு நான் வெளியே போயிருந்தேன். திரும்பி வந்தபோது முகம் வெளிறி உட்கார்ந்திருந்தார்.

"ஏனுங்க கிரேஸம்மா, அந்தப் போதகரு நம்ம ஆளுதானுங்களா?"

"ஆமாங்கய்யா. ஏன் கேக்கறீங்க?"

"எதக் கேட்டாலும் ஓம்ங்கறாருங்க. ஜெபம் பண்றீங்களான்னு கேட்டேன். அதுக்கும் ஓம்ங்கறாரு."

அந்த ஊரில் ஓம் என்றால் ஆமாம் என்று விளக்கினேன். "அப்ப ஆமான்னே சொல்லிப்போடலாமுங்களே" என்றார்.

அன்று மாலை போதகர் என்னைத் தனியாகப் போனில் கூப்பிட்டார். "அம்மா, உங்கட புதுத் தலைவர் நல்ல மனுசன். ஆனா எந்தச் சொல்லைக் கதைச்சாலும் கடைசியில 'ங்க' எண்டு மூக்கால இழுக்கிறார். தடிமனோ?"

ஜலதோஷம் இல்லை, அது கொங்கு மரியாதை என்றேன். இரண்டு பக்கமும் திருப்தி. இப்படித்தான் எங்கள் ஊழியம் நடந்தது.

2. பெரிய யோசனை

சில மாதங்கள் கழித்துத் தலைவர் ஒரு காகிதச் சுருளோடு படியேறி வந்து, அதை என் மேசையில் விரித்தார். ஒரு சிறிய லாரியின் படம். மேலே நான்கு குழாய் ஸ்பீக்கர்கள். பின்னால் மடக்கித் திறக்கும் மேடை. முகப்பில் ஆள் உயரத்துக்குச் சிவப்பு எழுத்தில் 'மனந்திரும்பு'.

"யோகராசா போதகரு சபையில ஒரு பழைய லாரி ஓடாம நிக்குதாமா. நம்ம மூர்த்திய அனுப்பி அங்கயே பாடி கட்டிப்போடலாமுங்க. தெருத்தெருவா போயி சொல்லலாமுங்க. ஊரே அதிரோணும்."

ஊர் அதிரும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. படத்தைப் போதகருக்கு அனுப்பினேன். பதில் உடனே குரல் பதிவாக வந்தது.

"அம்மா, இஞ்ச ஒரே சந்தியில கோயில், பள்ளிவாசல், விகாரை, எங்கட சபை நாலும் இருக்கு. ஒருத்தர்ட சத்தம் மற்றவர்ட நேரத்தில விழாது. ஆரும் எழுதிவைக்கேல்ல, ஆனா அதுதான் எங்கட ஒழுங்கு. ஒரு வீட்டில செத்தவீடு எண்டா நாலு பேரும் போய் நிப்பம். இந்த வண்டி ஒரு நாள் சுத்தினாக் காணும், பேந்து என்னை ஒருத்தரும் வாசல்ல ஏத்த மாட்டினம். இப்ப இஞ்ச தண்ணிதான் பெரிய பாடு. கிணறெல்லாம் உவர். லாரிதான் எண்டா, ஒரு தண்ணித் தாங்கி வச்சுத் தாங்கோ."

தாங்கி என்றால் டேங்க், காணும் என்றால் போதும், பேந்து என்றால் பிறகு. இவற்றை மட்டும் மொழிபெயர்த்து, மற்றதை அப்படியே தலைவருக்குப் போட்டுக் காட்டினேன். முழுவதும் கேட்டார்.

"பயப்படறாருங்க" என்றார். "பயப்படறவர வெச்சு என்ன ஊழியம் பண்றது? வேணும்னா அந்த ஊருக்கு வேற ஆளு பாக்கலாமுங்களா?"

அந்தச் சந்தியில் நான்கு வாசலிலும் உரிமையோடு நுழையக்கூடிய மனிதர் யோகராசா போதகர். அப்படி ஓர் ஆளைச் சேலத்திலிருந்து தேடிப் பிடித்து அனுப்ப முடியாது.

3. ஆடாத வண்டி

மறுநாள் நாமக்கல் பஸ் பிடித்தேன். ராசிபுரம் தாண்டும்வரை என்ன பேசுவது என்று யோசித்துக்கொண்டே போனேன். நான் பார்க்கப் போனது தலைவரை அல்ல, மூர்த்தியை. பட்டறையில் வெல்டிங், தகடு வேலை, எழுத்து வேலை எல்லாம் அவர்தான். வருடாவருடம் மாலை போட்டு மலைக்குப் போகிறவர். தலைவரோடு இருபது வருடப் பழக்கம். விஷயத்தைச் சொன்னதும் முகமூடியைத் தூக்கிவிட்டுச் சிரித்தார்.

"தண்ணி டேங்க்னு நேரா சொன்னீங்கன்னா வேணாம்பாருங்க. வண்டி ஆடும்னு சொல்லோணும். வண்டி ஆடறது அவருக்கு ஆகவே ஆகாதுங்க."

அன்று மதியம் தலைவர் டிபன் பாக்ஸைத் திறந்த நேரம் பார்த்து மூர்த்தி படத்தோடு போனார். நான் பக்கத்தில் அப்பாவியாக நின்றேன்.

"ஐயா, ஸ்பீக்கரு, ஸ்டேண்டு, மேடை, அத்தன வெயிட்டும் மேலயே இருக்குதுங்க. கீழ வெயிட்டு இல்லீன்னா திருப்பத்துல சாஞ்சுருமுங்க."

"கல்லு போட்டுறலாமா?"

"கல்லு உருளுமுங்க. கீழ நீளமா ஒரு தண்ணி டேங்க் வெச்சு, உள்ளாற தடுப்புத் தகடு அடிச்சுப்போட்டா கின்னுனு நிக்குமுங்க."

தலைவர் தயிர் சாதத்தைப் பிசைந்துகொண்டே எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "சரி, வெச்சுப்போடு" என்றார்.

இவ்வளவு சுலபமாக முடிந்ததே என்று நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். சந்தோஷத்தில் அது தோன்றவில்லை.

4. சந்தி

மூர்த்தி முன்னதாகப் போய், அந்த ஊர் வெல்டிங் கடை ஒன்றில் வேலையை முடித்திருந்தார். 'மனந்திரும்பு' எழுதுவதற்கு மட்டும் பெயிண்ட் சரியாகக் காயாத பருவநிலை என்று தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தார். தலைவரும் நானும் போய்ச் சேர்ந்தபோது வண்டி வெள்ளை வெளேரென்று நின்றது.

பக்கத்து ஊரின் நல்ல தண்ணீர்க் குழாயில் டேங்கை நிரப்பிக்கொண்டு சந்திக்குப் போனோம். தண்ணீர் வருகிறது என்று போதகர் நான்கு இடத்திலும் சொல்லியிருந்தார். குடமும் கேனுமாகப் பெண்கள் வரிசையில் நின்றார்கள். விகாரையிலிருந்து ஓர் இளம் பிக்கு இரண்டு கேன்களோடு வந்து, யாரோ முன்னால் விட்டும் மறுத்து, வரிசையின் கடைசியில் நின்றார். நானும் மூர்த்தியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். எல்லாம் கைகூடிவிட்டது.

தலைவர் பின்பக்க மேடையைத் திறந்தார். மைக்கைக் கையில் எடுத்தார். ஸ்பீக்கர்கள் கிர்ரென்றன.

"என்னங்கய்யா பண்றீங்க?" என்றேன்.

குனிந்து என் காதருகே சொன்னார். "ஏனுங்கம்மா, இத்தன வருசமா லாரி கட்றவன்கிட்ட வந்து வெயிட்டுக்குத் தண்ணிங்கறீங்க. நான் நம்பிருவேனாக்கும்? தண்ணி இருந்தா கூட்டம் சேரும், நல்ல ரோசனதான்னு சும்மா இருந்தேன். மொதல்ல செய்தி. அப்பறம் தண்ணி."

மூர்த்தி டயரை ஆராயத் தொடங்கினார்.

போதகர் மேடையருகே வந்தார். குரலை உயர்த்தவில்லை. "ஐயா, வேண்டாம். இப்படிச் செய்தா நாங்க தண்ணிக்கு விலை வைக்கிறம்."

"அஞ்சு நிமிசமுங்க" என்று தலைவர் தொடங்கிவிட்டார்.

"அன்பான சகோதர சகோதரிகளே" என்ற குரல் சந்தியைத் தாண்டிப் போய்க் கடலில் விழுந்தது. கோயில் வாசலில் பூக்கட்டிக்கொண்டிருந்தவர் தலை தூக்கினார். பள்ளிவாசல் படியில் இருந்த இருவர் எழுந்து நின்றார்கள். வரிசையின் முதலில் நின்ற வயதான முஸ்லிம் பெண்மணி, பெயர் சபீனா உம்மா என்று பிறகு தெரிந்தது, முக்காட்டைச் சரிசெய்துகொண்டு கேட்டார்.

"தம்பி, நல்லாத்தான் கதைக்கிறீங்க. ஆனா எனக்கு அடுப்பில சோறு இரிக்கு. தண்ணி தாறீங்களா, நான் போகட்டா?"

தலைவர் மைக்கை வாயருகிலேயே வைத்திருந்தார். அந்தம்மா கோபப்படவில்லை. குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு திரும்பினார். அவருக்குப் பின்னால் இன்னொரு குடம் நகர்ந்தது. பிறகு ஒரு கேன்.

போதகர் போய் சபீனா உம்மாவின் குடத்தைக் கேட்டு வாங்கினார். யாரையும் பார்க்காமல் வண்டியின் பின்னால் வந்து, வால்வைத் திறந்து குடத்தைப் பிடித்தார்.

"அட, தொறந்துப்போட்டாருங்களே" என்று தலைவர் தனக்குள் முணுமுணுத்தார். மைக் அணையவில்லை. நான்கு ஸ்பீக்கரும் அதை ஊருக்கு அறிவித்தன. சந்தியே சிரித்தது. பிக்கு கூட வாயைப் பொத்திக்கொண்டார்.

தலைவர் முகம் சிவந்துவிட்டது. அடுத்து என்ன செய்திருப்பாரோ தெரியாது. அந்த நேரம் வால்வுக்கு மேலே குழாயை இணைக்கும் கப்ளிங் பிய்த்துக்கொண்டு தண்ணீர் பக்கவாட்டில் பீய்ச்சி அடித்தது. தன் பட்டறை வேலை நாலு பேர் முன்னால் ஒழுகுவதை அவரால் ஒரு நொடியும் தாங்க முடியாது. மைக்கைப் போட்டுவிட்டு மேடையிலிருந்து குதித்தார்.

"டேய் மூர்த்தி, வாசரு போட்டயா இல்லியா? ஸ்பேனரக் கொண்டா."

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வண்டிக்கு அடியில் புகுந்தார். முழுக்க நனைந்து வெளியே வந்தபோது ஒழுகல் நின்றிருந்தது. பிறகு அங்கிருந்து நகரவே இல்லை. குழாயைத் தானே பிடித்துக்கொண்டார். "ஆத்தா, குடத்தச் சாய்ச்சுப் புடிங்க", "ஏனுங்க, நீங்க அவிகளுக்குப் பொறகுதானுங்களே" என்று வரிசையையும் மேய்த்தார். அவர் சொன்னதில் பாதி யாருக்கும் புரியவில்லை. ஆனாலும் எல்லோரும் கேட்டார்கள்.

சபீனா உம்மா இரண்டாவது குடத்துக்கு வந்தபோது நின்று விசாரித்தார். "தம்பிக்கு எந்த ஊரு?"

"நாமக்கல்லுங்க. கோழிமுட்டை ஊருங்க."

"அங்கயிருந்து இஞ்ச வந்து தண்ணி ஊத்திறீங்க. ஏன்?"

தலைவர் குழாயைப் பிடித்தபடியே, கூச்சத்தோடு, தான் யாரை விசுவாசிக்கிறேன், ஏன் வந்தேன் என்று இரண்டு வாக்கியத்தில் சொன்னார். மைக் இல்லை, மேடை இல்லை. அந்தம்மா கடைசிவரை கேட்டார். "அல்லாஹ் உங்களுக்கு நல்ல சுகத்தத் தரட்டும்" என்று சொல்லிவிட்டுக் குடத்தைத் தூக்கிக்கொண்டு போனார். நான் போதகரைப் பார்த்தேன். அவர் அடுத்த கேனின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் வண்டியைச் சபை வளாகத்தில் நிறுத்தினோம். தலைவர் அதைச் சுற்றி ஒருமுறை நடந்தார். எங்கள் முகத்தைப் பார்க்காமல் மூர்த்தியிடம் சொன்னார்: "மேல வெயிட்டு ஜாஸ்தியா இருக்குதப்பா. அந்த ஸ்பீக்கர எல்லாம் எறக்கிப்போடு."

மூர்த்தி சிரிக்காமல் ஏணியை எடுக்கப் போனார். வாழ்க்கையில் அவர் செய்த கடினமான வேலை அதுவாகத்தான் இருக்கும்.

5. கற்றுக்கொண்டது

ஆதரவு அலுவலகங்களில் வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான். நம்மிடம் இருக்கிற நல்ல பொருள் அவர்களுக்கு நல்லதாக இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. அங்கே இருப்பவரைக் கேளுங்கள். அவர் பதில் சொல்லும்போது அதை அவருடைய பயம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அவர் நாளைக்கும் அதே சந்தியில் நடக்க வேண்டியவர். நாம் பெட்டியைக் கட்டிக்கொண்டு திரும்பி வருகிறவர்கள்.

நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்ச நாள் முன்பு, ராசிபுரத்திலிருந்து ஒரு நெய் வியாபாரி அலுவலகத்துக்கு வந்தார். நல்ல பக்திமான். இலங்கைச் சபைக்கு ஒரு பெரிய வெண்கல மணி செய்து அனுப்புவதாக வேண்டிக்கொண்டாராம். அச்சும் எடுத்தாகிவிட்டது.

தலைவர் கையைக் கட்டிக்கொண்டு முழுவதையும் கேட்டார். "அவிகளக் கேட்டீங்களா?" என்றார்.

"இதுல என்னங்க கேக்கறதுக்கு இருக்குது? மணிதானுங்களே."

தலைவர் என்னைப் பார்த்தார். நான் யோகராசா போதகரின் எண்ணை அழுத்தினேன். மணி அடித்தது. போதகர் எடுத்ததும், தலைவர் போனை மேசைமேல் மெதுவாக நகர்த்தி நெய் வியாபாரியின் முன்னால் வைத்தார்.

"நீங்களே பேசுங்க" என்றார். "ரெண்டு காதையும் வெச்சுக் கேளுங்க."